கச்சேரி போட்டோ ஏன் மங்கலாகுது? இருட்டு மேடைக்கு எந்த லென்ஸ், என்ன செட்டிங்? முழு விளக்கம்

மார்கழி வந்தாச்சு என்றால் சென்னையில் மயிலாப்பூர், தி.நகர் என்று திரும்பிய பக்கமெல்லாம் கச்சேரி. இன்னொரு பக்கம் நந்தனம் ஒய்எம்சிஏ மாதிரியான மைதானங்களில் சினிமா இசை நிகழ்ச்சிகள். எல்லார் கையிலும் கேமராவோ மொபைலோ இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் பாடகரின் முகம் கலங்கி இருக்கும், மிருதங்கக் கலைஞரின் கை இருக்கிற இடமே தெரியாது, அல்லது முகம் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும்.

கல்யாண வீட்டில் "அண்ணா, மாலையை இன்னொரு தடவை போடுங்க" என்று போட்டோகிராபர் கேட்கலாம். கச்சேரியில் அப்படிக் கேட்க முடியாது. ஒரு குழந்தையின் முதல் மேடை, ஒரு மூத்த வித்வானின் அபூர்வமான சிரிப்பு, தனி ஆவர்த்தனத்தின் கடைசி தீர்மானம் எல்லாம் ஒரே ஒரு முறைதான். வளரும் கலைஞர்களுக்கு அந்த ஒரு நல்ல படம்தான் அடுத்த கச்சேரியின் நோட்டீஸுக்கும் போகும்.

சரி, இருட்டு மேடையில் படம் ஏன் கெடுகிறது? கேமராவில் எதை மாற்ற வேண்டும்? எந்த லென்ஸ் போதும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கண்ணுக்குத் தெரியுது, கேமராவுக்கு ஏன் தெரியல?

மேடையில் விளக்கு பளிச்சென்று எரிவதாகத்தான் நமக்குத் தோன்றும். காரணம், அரங்கம் இருட்டாக இருப்பதால் நம் கண் அதற்கு ஏற்றபடி பழகிக்கொள்கிறது. கேமரா அப்படி ஏமாறாது. வழக்கமான ஒரு சபா மேடையில் இருக்கும் வெளிச்சம், நண்பகல் வெயிலோடு ஒப்பிட்டால் பல நூறு மடங்கு குறைவு.

ஆட்டோ மோடில் இருக்கும் கேமரா இந்தக் குறையை எப்படிச் சமாளிக்கும்? பல சமயம் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். அந்த நேரத்துக்குள் பாடகர் தலையை அசைத்துவிடுவார். படம் கலங்கிவிடும். கச்சேரி போட்டோக்கள் கெடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

மூன்று கைப்பிடிகள்

படம் எவ்வளவு பிரகாசமாக வரும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன.

* அபர்ச்சர்: லென்ஸின் உள்ளே இருக்கும் துளை. எஃப் 1.8, எஃப் 2.8, எஃப் 5.6 என்று எண்ணால் சொல்வார்கள். எண் சின்னதாக இருந்தால் துளை பெரியது. இது பலரைக் குழப்பும் இடம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.
* ஷட்டர் ஸ்பீட்: எவ்வளவு நேரம் வெளிச்சம் உள்ளே வரும் என்பது. 1/60 என்றால் ஒரு நொடியில் 60-ல் ஒரு பங்கு. 1/250 என்றால் அதைவிட நான்கு மடங்கு குறைந்த நேரம்.
* ஐஎஸ்ஓ: வந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்பது. ஏற்ற ஏற்றப் படம் பிரகாசமாகும், கூடவே 'நாய்ஸ்' என்கிற புள்ளி புள்ளியான சொரசொரப்பும் வரும்.

இந்த மூன்றில் எதை விட்டுக்கொடுப்பது, எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதுதான் மொத்த விஷயமும். கச்சேரிக்கு வரிசை இதுதான்: முதலில் ஷட்டர் ஸ்பீடை முடிவு செய்யுங்கள். பிறகு துளையை முடிந்தவரை திறந்து வையுங்கள். மிச்சம் எவ்வளவு தேவையோ அவ்வளவு ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள்.

ஏன் இந்த வரிசை? நாய்ஸை பிறகு கம்ப்யூட்டரில் ஓரளவு குறைத்துவிடலாம். அசைவால் கலங்கிய முகத்தை முழுசாகத் திருப்பிக் கொண்டுவர எந்த ஆப்பாலும் முடியாது.

யாருக்கு எவ்வளவு ஷட்டர் ஸ்பீட்?

உட்கார்ந்து பாடுகிற கச்சேரிதானே, அசைவே இல்லையே என்று நினைக்க வேண்டாம். ஒரு சங்கதியில் பாடகரின் கையும் தலையும் எவ்வளவு வேகமாகப் போகும் என்று கவனித்துப் பாருங்கள். தோராயமான கணக்கு இது:

* ஆலாபனையில் அமைதியாகப் பாடும் கலைஞர்: 1/125
* கையசைவோடு பாடுபவர், வயலின் வில்: 1/250
* மிருதங்கம், கஞ்சிரா, தவில்: விரல் தெளிவாக வேண்டும் என்றால் 1/500
* பரதநாட்டியம், மேடையில் குதித்துப் பாடும் சினிமா பாடகர், டிரம்ஸ்: 1/500 அல்லது அதற்கு மேல்

லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே, குறைந்த ஸ்பீடில் எடுக்கலாமே என்று கேட்கலாம். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். மேடையில் இருப்பவரின் அசைவை அது நிறுத்தாது.

ஒரு விதிவிலக்கும் உண்டு. தவில்காரரின் முகம் தெளிவாகவும் கை மட்டும் லேசாகக் கலங்கியும் இருந்தால் படத்தில் ஒரு வேகம் வரும். அதை வேண்டுமென்றே 1/60, 1/80 என்று வைத்து எடுப்பார்கள். பத்து எடுத்தால் ஒன்று தேறும். முதலில் தெளிவான படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு இந்த விளையாட்டுக்குப் போங்கள்.

கேமராவைவிட லென்ஸ் ஏன் முக்கியம்?

கேமராவோடு சேர்த்துத் தரும் 18-55 எம்எம் கிட் லென்ஸில்தான் பலரும் தொடங்குகிறார்கள். அதை முழுசாக ஜூம் செய்தால் துளை எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும். அதனால் என்ன நஷ்டம்? ஒரே மேடை, ஒரே வெளிச்சம், 1/250 ஷட்டர் ஸ்பீட் என்று வைத்துக்கொண்டு பாருங்கள்:

* எஃப் 5.6 என்றால் ஐஎஸ்ஓ 12,800 தேவை
* எஃப் 2.8 என்றால் ஐஎஸ்ஓ 3,200 போதும்
* எஃப் 1.8 என்றால் ஐஎஸ்ஓ சுமார் 1,250 போதும்

எஃப் 5.6-ஐவிட எஃப் 1.8 ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. கேமராவை மாற்றாமல், லென்ஸை மட்டும் மாற்றியதால் கிடைக்கும் லாபம் இது. அதனால் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் புது கேமரா பாடியைவிட லென்ஸில் போடுவது இந்த வேலைக்குப் புத்திசாலித்தனம்.

எந்த லென்ஸ் வாங்கலாம்? எங்கே உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது

50 எம்எம் எஃப் 1.8: ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ். கேனான், நிக்கான், சோனி மூன்றிலும் உண்டு. அந்தந்த நிறுவனத்தின் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று. தொடக்க நிலை கேமராக்களின் சென்சார் சின்னதாக இருப்பதால், இந்த 50 எம்எம் அவற்றில் ஏறக்குறைய 75 முதல் 80 எம்எம் மாதிரி வேலை செய்யும். முதல் சில வரிசைகளில் இடம் கிடைத்தால் இதுவே போதும். முதல் லென்ஸ் இதுவாக இருக்கட்டும்.

85 எம்எம் எஃப் 1.8: முகத்தை மட்டும் அழகாக எடுக்க. மேடைக்குப் பக்கவாட்டில் நிற்க அனுமதி இருந்தால் அருமையான தேர்வு.

70-200 எம்எம் எஃப் 2.8: பத்திரிகை போட்டோகிராபர்கள் கையில் அதிகம் பார்க்கும் பெரிய லென்ஸ். பின்வரிசையிலிருந்தும் முகத்தைப் பிடிக்கும், எந்த ஜூமிலும் துளை எஃப் 2.8-லேயே நிற்கும். ஆனால் விலையும் அதிகம், எடையும் அதிகம். பெரிய ஊர்களில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. வருஷத்துக்கு நாலு நிகழ்ச்சிதான் எடுக்கிறீர்கள் என்றால் வாடகையே லாபம்.

24-70 எம்எம் எஃப் 2.8: மேடை முழுவதும், கூட்டத்தோடு சேர்த்து எடுக்க. மேடைக்கு நெருக்கமாக இருப்பவர்களுக்கு.

துளையைப் பெரிதாகத் திறப்பதில் ஒரு விலையும் உண்டு. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 85 எம்எம் லென்ஸை எஃப் 1.8-ல் வைத்து, 4 மீட்டர் தூரத்தில் இருக்கும் பாடகரை எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் ஒரு சாண்தான். பாடகர் தெளிவு, ஒரு அடி பின்னால் இருக்கும் தம்பூரா கலைஞர் மங்கல். ஒருவரை மட்டும் காட்ட இது நல்லது. பாடகர், வயலின், மிருதங்கம் மூவரையும் ஒரே ஃப்ரேமில் வைக்க வேண்டும் என்றால் எஃப் 4 பக்கம் போக வேண்டும். அதற்கு ஏற்ப ஐஎஸ்ஓவையும் ஏற்றத்தான் வேண்டும்.

ஐஎஸ்ஓவுக்கு ஏன் பயப்படக் கூடாது?

"ஐஎஸ்ஓ 800-ஐத் தாண்டாதே" என்று யாரோ எப்போதோ சொன்னதைப் பலரும் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்றைய கேமராக்களில் 3,200, 6,400 எல்லாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் எண்கள். பிலிம் காலத்திலேயே கோடக் டிரை-எக்ஸ் 400 பிலிமை 1,600 என்று கணக்கு வைத்து எடுத்து, அதற்கு ஏற்றபடி கழுவினார்கள். அந்தக் காலத்துக் கருப்பு வெள்ளை மேடைப் படங்களில் மணல் தூவியது போல் தெரிவது அதனால்தான். அந்தப் படங்களை யாரும் வேண்டாம் என்று தூக்கிப் போடவில்லை.

இன்னொன்று. ஐஎஸ்ஓவைக் குறைவாக வைத்து இருட்டாக எடுத்துவிட்டு, பிறகு எடிட்டிங்கில் பிரகாசமாக்கினால் நாய்ஸ் குறையும் என்பது தவறு. பல கேமராக்களில் அப்போதுதான் நிழல் பகுதிகளில் சொரசொரப்பு கூடுதலாகத் தெரியும். எடுக்கும்போதே முகத்துக்குச் சரியான வெளிச்சம் கிடைப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள்.

முகம் ஏன் வெள்ளையாகிவிடுகிறது?

மேடைக்குப் பின்னால் கருப்புத் திரை. கேமரா ஃப்ரேம் முழுவதையும் பார்த்து, "ஐயோ, ரொம்ப இருட்டு" என்று முடிவு செய்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். திரை சாம்பல் நிறமாகும், முகம் வெளுத்துப் போகும். வெள்ளை வேட்டி சட்டை, பட்டுப் புடவை ஜரிகை, மூக்குத்தி எல்லாம் வெறும் வெள்ளைப் பொட்டாக மாறும்.

தீர்வு இரண்டு. ஒன்று, மீட்டரிங்கை 'ஸ்பாட்' என்று மாற்றி முகத்தின் மேல் வைத்து அளப்பது. இரண்டு, எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1 பக்கம் இறக்குவது. சபா மேடையில் விளக்கு பெரும்பாலும் மாறாது என்பதால், முதல் பாட்டிலேயே மேனுவல் மோடில் முகத்துக்குச் சரியாக வைத்துவிட்டால் கடைசி வரை கவலை இல்லை. நிமிஷத்துக்கு நிமிஷம் விளக்கு மாறும் சினிமா இசை நிகழ்ச்சியில், ஷட்டரையும் துளையையும் நீங்கள் பிடித்துக்கொண்டு ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுவது வசதி.

ஃபோகஸ், மைக், உட்காரும் இடம்

ஆட்டோ ஃபோகஸை மொத்தமாகக் கேமராவிடம் விட்டால், அது முகத்துக்கு முன்னால் இருக்கும் மைக்கைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸை எடுத்து, உங்களுக்கு அருகில் இருக்கும் கண்ணின் மேல் வையுங்கள். கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி உள்ள மிரர்லெஸ் கேமரா என்றால் அதை ஆன் செய்யலாம். ஆனால் ஆலாபனையில் கண்ணை மூடிப் பாடும்போது சில சமயம் அது தடுமாறும்.

நேர் எதிரே உட்கார்ந்தால் மைக் வாயை மறைக்கும். கொஞ்சம் பக்கவாட்டில் நகருங்கள். எந்தப் பக்கம்? வழக்கமாகக் கர்நாடக இசை மேடையில், நாம் பார்க்கும்போது இடது கையில் மிருதங்கம், வலது கையில் வயலின். இடது ஓரத்தில் இருந்து எடுத்தால் வயலின் கலைஞரின் முகம் நன்றாகக் கிடைக்கும், வலது ஓரத்தில் இருந்து எடுத்தால் மிருதங்கக் கலைஞர் கிடைப்பார். மிருதங்கம் வாசிப்பவர் இடக்கைக்காரர் என்றால் இந்த இடம் மாறக்கூடும்.

எப்போது எடுப்பது என்பதும் பாதி வெற்றி. வரி முடிந்ததும் பாடகர் மைக்கிலிருந்து தலையைப் பின்னுக்கு இழுப்பார். வயலின்காரர் பதில் வாசிக்கும்போது அவரைப் பார்த்து "பலே" என்பார். படம் அந்த நொடியில் இருக்கிறது. தனி ஆவர்த்தனம் தொடங்கினால் கேமராவை மிருதங்கத்துக்கும், தாளம் போடும் பாடகரின் முகத்துக்கும் திருப்புங்கள். பாட்டு தெரிந்தவர் எடுக்கும் படம் தனியாகத் தெரிவது இதனால்தான்.

எல்இடி விளக்கு: நீல முகம், கருப்புக் கோடு

திறந்தவெளி இசை நிகழ்ச்சியில் சிக்கல் வேறு மாதிரி. முழு நீலம், முழு சிவப்பு எல்இடி வெளிச்சத்தில் முகத்தின் வரைகோடுகளே மறைந்து ஒரே நிறப் பூச்சாகிவிடும். அந்த ஒரு நிறம் மட்டும் அளவு மீறுவதுதான் காரணம். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள், அல்லது வெள்ளை விளக்கு பாடகர் மேல் விழும் நொடிக்குக் காத்திருங்கள். தேறாத நிறம் என்றால் கருப்பு வெள்ளைக்கு மாற்றுவது பழைய, நல்ல வழி.

படத்தின் குறுக்கே கருப்புக் கோடுகள் வருகிறதா? எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிபவை. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரி வரியாகப் பதிவு செய்வதால் அந்தத் துடிப்பு கோடாக விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், ஷட்டர் ஸ்பீடை 1/100 பக்கம் இறக்கிப் பாருங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், சாதாரண விளக்குகளின் துடிப்புக்கு 1/100, 1/50 பொருந்தும். கேமராவில் 'ஆன்டி ஃபிளிக்கர்' இருந்தால் அதையும் ஆன் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை: மேடையில் லேசர் ஒளி இருந்தால் அது நேராக லென்ஸுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சென்சாரை நிரந்தரமாகப் பழுதாக்கிவிடும். மொபைலுக்கும் இது பொருந்தும்.

ரா ஃபைலில் ஏன் எடுக்க வேண்டும்?

ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். மஞ்சள் விளக்கில் முகம் ஆரஞ்சாகிப் போனாலும், நிழல் கொஞ்சம் இருட்டாகிப் போனாலும் ராவில் சரிசெய்ய இடம் இருக்கும். ஃபைல் பெரியது, மெமரி கார்டில் இடம் பார்த்து வையுங்கள். உடனே வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்றால் ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்து வைக்கலாம்.

மொபைல் மட்டும்தான் இருக்கா?

பரவாயில்லை. நிறைய செய்யலாம்.

* முக்கிய கேமராவையே பயன்படுத்துங்கள். பல போன்களில் அதற்குத்தான் பெரிய சென்சாரும் பெரிய துளையும். விரலால் ஜூமை இழுக்க இழுக்கப் படம் கெடும்.
* முகத்தில் தொட்டு, விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸை லாக் செய்யுங்கள். பிறகு வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறையுங்கள். முகம் வெளுப்பது அப்போதே நிற்கும்.
* நைட் மோட் பல ஃப்ரேம்களை எடுத்துச் சேர்க்கிறது. அசையாத மேடைக்கு நல்லது, வாசிக்கும் கைக்கு ஆகாது.
* புரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/125-க்கு மேல் வைத்துப் பாருங்கள்.
* ஃபிளாஷை அணைத்து வையுங்கள். 5 மீட்டரில் விழும் வெளிச்சத்தில் 16-ல் ஒரு பங்குதான் 20 மீட்டரில் விழும். அது மேடைக்குப் போகாது, முன்சீட்காரரின் பின்தலையைத்தான் வெளிச்சம் போட்டுக் காட்டும்.

செட்டிங்கைவிட முக்கியமான ஒன்று

கண்ணை மூடி ஆலாபனை செய்பவரின் முகத்தில் ஃபிளாஷ் அடிப்பது, பாடிக்கொண்டிருப்பவரின் தோளைத் தட்டுவது போலத்தான். அதனால்தான் பல அரங்குகள் ஃபிளாஷுக்குத் தடை போடுகின்றன. கேமராவின் சிவப்பு ஃபோகஸ் உதவி விளக்கையும் 'பீப்' சத்தத்தையும் அணையுங்கள். மிருதங்கம் இல்லாத ஆலாபனை நேரத்தில் ஷட்டர் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்கும். முடிந்தால் சைலன்ட் மோட், இல்லையென்றால் பாட்டு தொடங்கும் வரை பொறுமை. திரையின் வெளிச்சமும் பின்னால் இருப்பவரின் கண்ணில்தான் அடிக்கும், அதைக் குறைத்து வையுங்கள்.

உலகம் முழுக்கப் பெரிய இசை நிகழ்ச்சிகளில் போட்டோகிராபர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: முதல் மூன்று பாட்டு மட்டும், ஃபிளாஷ் கிடையாது. டிக்கெட் எடுத்து வருபவர்கள் லென்ஸ் மாற்றும் கேமரா கொண்டுவரக் கூடாது என்றும் பல இடங்களில் விதி இருக்கும். கிளம்பும் முன் அமைப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க

* மோட்: மேனுவல், ஐஎஸ்ஓ ஆட்டோ (உச்சவரம்பு 6,400)
* ஷட்டர்: பாடகருக்கு 1/250, தாள வாத்தியத்துக்கும் நடனத்துக்கும் 1/500
* அபர்ச்சர்: எஃப் 1.8 முதல் 2.8
* மீட்டரிங்: ஸ்பாட், முகத்தின் மேல்
* ஃபோகஸ்: ஒற்றைப் புள்ளி, தொடர் ஃபோகஸ்
* ஃபைல்: ரா
* ஃபிளாஷ், பீப், ஃபோகஸ் விளக்கு: ஆஃப்

முகம் வெளுக்கிறது என்றால் காம்பன்சேஷனைக் குறையுங்கள். ஐஎஸ்ஓ உச்சவரம்பைத் தொட்டும் படம் இருட்டாக இருந்தால் வரம்பை 12,800-க்கு ஏற்றுங்கள். அப்போதும் ஷட்டரில் கை வைக்காதீர்கள். சொரசொரப்பான படத்தில் பாட்டியோ பேத்தியோ யாரென்று தெரியும். கலங்கிய படத்தில் அது தெரியாது.